செத்த நேரம்

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
எமயோகி ஆற்றின் மேல்
மழையென்றும் பனியென்றும் முடிவெடுக்காத ஒன்று
விழுந்துகொண்டிருக்கிறது.

நிலவறை ஆய்வகத்தில் உர்வெ
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே
இரண்டு ஊசிக்குழல்களை ஏற்றுகிறாள்.
ஒன்றில் புரதம்.
மற்றதில் ஏடிபி, மூன்று மணி கோத்த வாலோடு.
புரதம் அதைக் கவ்வும்.
கடைசி மணியைக் கடித்துத் துப்பும்.
எவ்வளவு விரைவாக என்பதுதான் கேள்வி.
நான்கு வருடமாக இதே கேள்வி.

துப்பிய மணியைப் பிடித்ததும் ஒளிர்வதற்கென்று
இன்னொரு புரதத்தையும் கலந்திருக்கிறாள்.
காவலாளி மாதிரி, வெறுங்கையோடு.

கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை என்போமே,
அதை இருநூறாகச் சீவினால் ஒரு சீவல்.
இந்த இயந்திரம் இரண்டையும் கலந்து முடிக்க
அவ்வளவு ஆகும்.
அதற்குள் நடப்பது எதுவும் அதன் கண்ணில் படாது.
அந்த இடைவெளிக்குச் செத்த நேரம் என்று பெயர்.
'செத்த இரு, வந்துடறேன்' என்று
கதவைப் பாதி திறந்தபடி சொல்கிறோமே,
எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.
முதல் தொடுகை எப்போதும்
அதற்குள்தான் நடந்து முடிந்துவிடுகிறது.

டப்.
காற்றழுத்தம் தண்டை உதைக்கிறது.
திரையில் ஒரு கோடு. படுத்த கோடு.
டப். படுத்த கோடு.
ஏழு முறை.
புரதம் செத்துவிட்டதா, உப்பு கூடிவிட்டதா,
விளக்கு சூடாகவில்லையா.
உர்வெ உதட்டைக் கடிக்கிறாள்.

எட்டாவது எழுந்தது.
முதலில் தயங்கி, பிறகு சோம்பல் முறித்து,
ஒரு நிமிடம் முழுக்க எடுத்துக்கொண்டு
வளைந்து மேலேறி அடங்கியது.

'குமிழி' என்றான் ஐவோ. 'அழித்துவிடு.
ஏழுக்கு எதிரே ஒன்று.'

நாங்கள் எல்லோரும் அழித்திருக்கிறோம்.
தெருவில் லாரி போனதென்று,
விளக்கு சிமிட்டியதென்று,
சில நாள் வெறுமனே பிடிக்கவில்லை என்று.
உர்வெயின் சுட்டுவிரல் விசையைத் தொட்டபடி நின்றது.
பிறகு குறிப்பேட்டைப் புரட்டியது.

எட்டாவதற்கு நேரே, பென்சிலில்:
கண்ணாடிக் குடுவை கைதவறி உடைந்தது.
பிளாஸ்டிக் குழாய்.

மெதுவாகத் திரும்பினாள்.
'ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வந்தாயா?'

ஐவோவுக்குக் காது மடல்வரை சிவந்தது.
அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு
வந்திருக்கிறான்.
அலமாரிக் கண்ணாடி முழுவதையும்
கோடைவீட்டிலிருந்து கொண்டுவந்த
பழைய சலவைத்தூளில் கழுவியிருக்கிறான்.
நீல நீலமாகப் பரல்கள். அத்தனையும் பாஸ்பேட்.
மூன்று முறை அலசினானாம். போதவில்லை.

காவலாளியின் கை
சோதனைக்கு முன்பே நிறைந்திருந்தது.
அளவைத் திரை தானே சரிசெய்துகொள்வதால்
யாருக்கும் தெரியவில்லை,
அந்த ஏழு கோடும் படுத்திருந்தது
தரையில் அல்ல, கூரையில்.
ஏழு முறையும் புரதம் கவ்வி, கடித்து, துப்பியிருக்கிறது.
வாங்கிக்கொள்ள ஆளில்லை.

'நோஹ்' என்றாள் உர்வெ.
அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் திட்டுவதில்லை.
அவன் சட்டைப்பையிலிருந்து
சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து
மேசைமேல் வைத்தான்.
பாதியை அவனுக்கே உடைத்துக் கொடுத்தாள்.
அன்றிரவு இருவருமாக
அவ்வளவு அன்பையும் அமிலத்தில் ஊறவைத்தார்கள்.

டிசம்பரில் விடை வந்தது.
கடிப்பது நொடியின் நூற்றிலொரு பங்கு.
கடித்த மணியை விடுவதற்கோ இருபது நொடி.
சீவல் சீவலாக நேரத்தை அரியும் இயந்திரத்தில்
நான்கு வருடம் தேடிய தாமதம்,
அதற்குச் சுவர்க்கடிகாரமே போதுமாயிருந்திருக்கும்.
வெட்டியதை வாயிலேயே வைத்துக்கொண்டு
விட மனமில்லாமல்...
மனம் என்று கட்டுரையில் எழுத முடியாது.
'வேகத்தைத் தீர்மானிக்கும் படி' என்று எழுதினாள்.

அந்த ஏழு கோடுகளை அவள் அழிக்கவில்லை.
கணினியில் தனியாக ஒரு கோப்பு.
பெயர்: ஐவோவின் ஞாயிறு.